லேப் வரிசையில் யாரை முன்னால் விடுவது?

ஊசிக்காரன்:
சின்ன ஊரில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை கூட்டம் அள்ளும், ரத்தம் எடுக்க ஒரே ஆள். டோக்கன்படிதான் கூப்பிடுகிறோம், ஆனாலும் வெறும் வயிற்றோடு வந்த சுகர்காரர், கைக்குழந்தை, கர்ப்பிணி, டாக்டர் போன் போட்டு அனுப்பியவர் என்று ஒவ்வொருவராக உள்ளே விட்டுவிட்டு, கடைசியில் முதலிலேயே வந்து உட்கார்ந்தவர் சண்டைக்கு வருகிறார். யாரை விடலாம்?

மதுரைக்காரி:
நானும் லேப் டெக்னீஷியன்தான் அண்ணா. கடிகாரம் பார்த்து எடுக்க வேண்டிய சாம்பிள்தான் முதலில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சுகருக்கு வந்தவரை இன்னும் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தால் அளவு இறங்கிவிடும், ரிப்போர்ட்டைப் பார்க்கிற டாக்டர் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிறோமே, அந்த டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே டோக்கனில் நேரத்தை எழுதிவிடுங்கள், அவர் மறுபடி வரிசைக்குப் போகவே கூடாது. ஃபாஸ்டிங் என்பதற்காக மட்டும் விடாதீர்கள், அந்த நேரத்தில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஃபாஸ்டிங்தான். வியர்க்கிறது, கை நடுங்குகிறது என்றால் மட்டும் டோக்கனையே பார்க்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
எல்லாருக்கும் ரத்தம் எடுக்க ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது என்றால், யாரை முன்னால் விட்டாலும் சராசரிக் காத்திருப்பு குறையாது. ஒருவருக்கு மிச்சமான நிமிடங்கள் அப்படியே இன்னொருவர் தலையில் விழும். லெனார்ட் க்ளைன்ராக் என்ற அமெரிக்கக் கணினி விஞ்ஞானி 1965இல் இதைக் கணக்காகவே நிரூபித்திருக்கிறார். சராசரி குறைய வேண்டுமானால் சீக்கிரம் முடிகிற வேலையை முன்னால் விடணும். ரிப்போர்ட் வாங்க மட்டும் வந்தவர் ஏன் அந்த வரிசையில் நிற்கிறார்? வாசல் பக்கம் ஒரு மேசை போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மதுரைக்காரி:
குழந்தை விஷயமும் அதுதான் சார். நரம்பு கிடைக்காது, அது வீறிட்டு அழும், அம்மாவும் அழுவார், பத்து நிமிடம் போய்விடும். காய்ச்சலோடு வந்த குழந்தை என்றால் உடனே எடுங்கள். மற்றபடி அவசரமில்லாத டெஸ்ட், ஃபாஸ்டிங்கும் தேவையில்லை என்றால் ஒன்பதரைக்கு மேல் வரச் சொல்லலாம்.

ஊசிக்காரன்:
மேசை நல்ல யோசனை, நாளைக்கே போட்டுவிடுகிறேன். டாக்டர் போனுக்கு என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:
சீட்டில் அவசரம் என்று எழுதியிருந்தால் விடுங்கள். போனில் சொன்னால் அது சிபாரிசு.

ஊசிக்காரன்:
சரிதான் சார், ஆனால் எனக்கு வருகிற கேஸில் பாதி அவர் அனுப்புவது.