ஓடிக்கிட்டிருந்த எலெக்ட்ரிக் லோடு வண்டி திடீர்னு இழுக்காம நின்னா: பார்த்த கேஸ்களை எழுதுங்க

வண்டி நின்ன உடனே எல்லார் கையும் சாவிக்குத்தான் போகும். தயவு செஞ்சு ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க. ஓரங்கட்டி, நாலு இண்டிகேட்டரும் போட்டுட்டு, சாவி ஆன்ல இருக்கும்போதே டிஸ்ப்ளேயை ஒரு போட்டோ எடுங்க. நிறைய வண்டியில சாவியைத் திருப்பினதும் எரர் நம்பர் மறைஞ்சிடும். அப்புறம் ஒர்க்‌ஷாப்புல விட்டா, நல்லாத்தானே ஓடுதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, மறுநாள் லோடோட அதே இடத்துல நிக்கும்.

அடுத்து, எது போச்சுன்னு பிரிக்கணும். டிஸ்ப்ளே, ஹாரன், லைட் எல்லாமே போயிருந்தா, வண்டியை ஓட்டுற பெரிய பேட்டரியைப் பார்க்கறதுக்கு முன்னாடி, லைட்டுக்கும் ஹாரனுக்கும் கரன்ட் கொடுக்கிற 12 வோல்ட் பக்கத்தைச் சந்தேகப்படுங்க. டிஸ்ப்ளே எரியுது, பேட்டரி பக்கம் 'டக்'னு ஒரு சத்தம் கேட்டுச்சு, மிதிச்சாலும் அசையலன்னா கான்டாக்டர், அதாவது பெரிய பேட்டரி லைனை இணைச்சுத் துண்டிக்கிற பெரிய ரிலே, திறந்திருக்கு. வண்டி நகருது, ஆனா வேகம் ஏறல, ஆமை படம் எரியுதுன்னா சூடோ பேட்டரியோ ஆக்சிலேட்டர் சென்சாரோ ஏதோ ஒண்ணைப் பார்த்து, மோட்டாருக்குப் பவர் கொடுக்கிற கன்ட்ரோலரே பவரைக் குறைச்சிருக்கு.

இதுல ரொம்ப ஏமாத்துறது 12 வோல்ட்தான். பல வண்டியில கான்டாக்டர் காயிலைப் பிடிச்சு வைக்கிறதே அந்தச் சின்ன பேட்டரி லைன்தான். அது இறங்கினா, பெரிய பேட்டரியில 80 சதவீதம் இருந்தாலும் கான்டாக்டர் விட்டுடும். பகல்ல நல்லா ஓடி, ராத்திரி மழையில ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டதும் நிக்குற வண்டின்னா முதல்ல இதைப் பாருங்க. ஆஃப்ல ஓய்வா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும். டிரைவுக்கு ரெடியான பிறகு 13.5லிருந்து 14.5க்குள்ள வரணும். ரெடி ஆகியும் 12.4ல நின்னு மெல்ல இறங்கிட்டே போனா, பெரிய பேட்டரியிலிருந்து சின்ன பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற டிசி-டிசி கன்வெர்ட்டர் வேலை செய்யல. கன்வெர்ட்டரைக் கழட்டறதுக்கு முன்னாடி அதோட 12 வோல்ட் ஃபியூஸையும், சேஸிஸ்ல முடுக்கின எர்த் போல்ட்டையும் பாருங்க. எர்த் லக்குக்கு (கேபிள் முனையில இருக்குற உலோக வளையம்) அடியில பெயின்ட்டும் துருவும் இருந்தா சுரண்டி எடுத்துட்டு முடுக்கினாலே போதும், பல வண்டி சரியாயிடும்.

*

அண்ணன் சொன்னதோட 48 வோல்ட் மூணு சக்கர லோடு வண்டியையும் சேர்த்துக்கலாம். பாலம் ஏறும்போது மட்டும் கட்டாகும், ரெண்டு நிமிஷம் விட்டா தானா ஓடும். இந்த மாதிரி வந்தா கன்ட்ரோலர் மாத்தாதீங்க, கேபிளைத் தொடர்ந்து போங்க.

200 ஆம்பியர் ஓடுற ஜாயின்ட்ல வெறும் 1 மில்லி ஓம் தடை இருந்தாலே 0.2 வோல்ட் குறையும், அந்த ஒரு புள்ளியில 40 வாட் சூடு ஏறும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒண்ணை அங்கேயே வச்ச மாதிரி. முதல்ல லக் கிட்ட ஸ்லீவ் சுருங்கும், அப்புறம் செம்பு ஊதா கலந்த கருப்பாகும். பார்த்த உடனே தெரியும். மீட்டரை பேட்டரி பாசிட்டிவ்லயும் கன்ட்ரோலர் பாசிட்டிவ்லயும் வச்சு, லோடுல ஏறும்போது எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. நெகட்டிவ் பக்கமும் இதே மாதிரி.

இன்னொரு தப்பு அடிக்கடி கண்ணுல படுது. லக்குக்கும் டெர்மினலுக்கும் நடுவுல வாஷரைப் போட்டுடறாங்க. லக் நேரா டெர்மினல் மேல உட்காரணும், வாஷர் அதுக்கு மேலதான். கருகின லக்கை மறுபடி முடுக்கிப் பிரயோஜனமில்ல. பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் வெட்டிட்டு, சரியான டை (அழுத்துற அச்சு) வச்சு புது லக்கை அழுத்தி கிரிம்ப் பண்ணுங்க. சுத்தியலால தட்டின லக் திரும்பவும் சுடும்.

*

தம்பி, ஏத்தத்துல கட்டாகறதுக்கு செல்லும் காரணமா இருக்கும். 48 வோல்ட் எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேக்னா பெரும்பாலும் 16 செல் தொடரா இருக்கும். பி.எம்.எஸ். (பேட்டரி செல்களைக் கண்காணிக்கிற போர்டு) ஆப்ல செல் லிஸ்ட்டைத் திறந்து வச்சுக்கிட்டு, இன்னொருத்தரை லோடோட ஓட்டச் சொல்லுங்க. சும்மா நிக்கும்போது எல்லாமே 3.28 காட்டும். மிதிச்சதும் மத்ததெல்லாம் 3.1ல நிக்க, ஒண்ணு மட்டும் 2.6க்கு விழும். பி.எம்.எஸ். பேக் மொத்தத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாது, அந்த ஒரு செல்லைப் பார்த்தே கட் பண்ணிடும்.

மிதியை விட்ட நொடியே அந்த நம்பர் துள்ளி மேல வந்தா செல்களை இணைக்கிற பஸ்பார் பட்டையோட நட்டைச் சந்தேகப்படுங்க, ஏன்னா செல் வோல்டேஜை அளக்குற சென்ஸ் ஒயர் அந்த ஜாயின்ட்டையும் சேர்த்துத்தான் அளக்குது. மெல்ல மெல்ல ஏறினா செல்லுலயே சார்ஜ் கம்மி. அப்போ 100 சதவீதம் வரைக்கும் ஏத்தி, பேலன்ஸ் ஆக இன்னும் சில மணி நேரம் சார்ஜர்லயே விடுங்க. அதுக்கப்புறமும் அதே நம்பர் செல்தான் விழுதுன்னா மாத்தறதைத் தவிர வழியில்ல.

டிஸ்ப்ளேயில 30 சதவீதம் காட்டும்போதே நிக்குதுன்னு நிறைய பேர் எழுதறாங்க. எல்.எஃப்.பி.யில நடுப்பகுதி முழுக்க வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நிக்கும். அதனால பி.எம்.எஸ். போய் வர்ற கரன்டை எண்ணித்தான் சதவீதம் போடுது. தினமும் பாதி பாதியா சார்ஜ் பண்ணா அந்தக் கணக்கு விலகிப் போகும். வாரத்துக்கு ஒரு தடவை ஃபுல் சார்ஜ் பண்ணிடுங்க.

*

பெரிய வண்டிக்கு, அதாவது 60 வோல்ட்டுக்கு மேல உள்ளதுக்கு, ரெண்டு விஷயம்.

பள்ளத்துல விழுந்ததும் 'டக்'னு நின்னா இன்டர்லாக் லைனைப் பாருங்க, கனெக்டர் சரியா மாட்டியிருக்கான்னு காட்டுற சிக்னல் ஒயர் அது. ஆரஞ்சு கேபிள் கனெக்டருக்குள்ள மெல்லிசா ரெண்டு பின் இருக்கும். கனெக்டர் லாக் முழுசா விழலன்னா அந்த லைன் ஆட்டத்துல விட்டுப் போகும். மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ அப்புறம் வந்தா இன்சுலேஷன் ஃபால்ட், அதாவது பெரிய வோல்டேஜ் பாடிக்குக் கசியுது. டிசி பக்கம் இன்சுலேஷன் தடை வோல்ட்டுக்கு 100 ஓம் குறைஞ்சபட்சம், 350 வோல்ட் பேக்னா 35 கிலோ ஓம். ஏசி கம்ப்ரஸர், சார்ஜிங் சாக்கெட், மோட்டார் கேபிள்னு ஒவ்வொண்ணா பிரிச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

இந்த வேலையை ரோட்டோரம் வச்சுக்காதீங்க, பயிற்சி இல்லாதவங்க கைவைக்கவும் வேண்டாம். பேட்டரியைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கை இழுத்ததும் கன்ட்ரோலர் கெப்பாசிட்டர்ல வோல்டேஜ் மிச்சம் இருக்கும். மேனுவல்ல போட்ட நேரம் முழுக்கக் காத்திருந்து, 1000 வோல்ட் கிளவுஸ் போட்டு, மீட்டர் வேலை செய்யுதான்னு முன்னாடியும் பின்னாடியும் தெரிஞ்ச பேட்டரியில சோதிச்சுட்டுத்தான் கை வைக்கணும்.

கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். காந்த மோட்டார்னா சக்கரம் சுத்தச் சுத்த கரன்ட் உற்பத்தி பண்ணும், செத்த கன்ட்ரோலருக்குள்ள அது போகும். ஓட்டுற சக்கரம் தரையில படாம தூக்குற ரெக்கவரி வண்டியையோ, பிளாட் பெட்டையோ கூப்பிடுங்க.