கிறேட் 8 முடிந்த பிறகும் தினமும் ஹானன் விரல் பயிற்சிகள் வேண்டுமா?

பருத்தித்துறைக்காரி:
பியானோவில் கிறேட் 8 பரீட்சை முடித்துவிட்டு டிப்ளோமாவுக்கு ஆயத்தம் செய்கிறேன். வேலையால் வந்தபின் ஒன்றரை மணித்தியாலம்தான் கிடைக்கும். இசையமைப்பாளர் ஷோப்பானின் ஓபஸ் 10, இரண்டாம் எட்யூட் (பயிற்சி உருப்படி) எடுத்திருக்கிறேன். முதல் நாற்பது நிமிடமும் ஹானனும் ஸ்கேல் என்கிற சுர வரிசைகளும் வாசிக்க வேண்டும் என்கிறா ரீச்சர். பிறகு பீஸுக்கு (உருப்படிக்கு) என்ன மிச்சம்? நீங்கள் எப்படி நேரம் பிரிக்கிறீர்கள்? வீட்டில் டிஜிற்றல் பியானோ, சனிக்கிழமைகளில் தேவாலயத்து அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் பியானோ).

கொக்குவில் மாஸ்ரர்:
ரீச்சர் சொல்வதுதான் சரி, தங்கச்சி. ஹானனின் 60 பயிற்சிகளையும் ஒரு மணித்தியாலத்தில் வாசித்து முடிக்கலாம் என்று 1873இல் அவரே முன்னுரையில் எழுதிவிட்டார். நீங்கள் நாளுக்குப் பத்து வாசித்தால் போதும். மருதனார்மடத்தில் கர்நாடக வயலின் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். வர்ணம் தாண்டிய பிறகும் தொடக்கப் பயிற்சியான சரளிவரிசையை மூன்று காலத்திலும் வாசித்துவிட்டுத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பியானோ என்றவுடன் மட்டும் அடிப்படை கசக்கிறதோ?

கறுப்புக்கட்டை:
மாஸ்ரர், சரளிவரிசையை எந்த இராகத்திலும் வாசிக்கலாம். ஹானனின் முதல் முப்பதும் சி மேஜரில், வெள்ளைக் கட்டையிலேயே ஓடுகின்றன. ஷோப்பான் தன் மாணவர்களுக்கு பி மேஜர் ஸ்கேலை முதலில் கொடுத்து, சி மேஜரைக் கடைசிக்குத் தள்ளினார். பி மேஜரில் நீளமான நடுவிரல்கள் கறுப்பில் இருக்கும், பெருவிரலும் சின்னிவிரலும் வெள்ளையில் இருக்கும், கை தானாக அமரும்.

இனி அந்த எட்யூட்டுக்கு வாருங்கள். வலது கையின் 3, 4, 5ஆம் விரல்கள் (பெருவிரல்தான் 1) வெள்ளை, கறுப்பு ஒன்றும் விடாமல் ஓடும் குரோமற்றிக் ஸ்கேலை ஓட்ட, முதலிரண்டு விரலும் அதே கையில் கோர்ட்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) தொட்டுவிட்டுப் போகவேண்டும். பெருவிரலின் உதவி இல்லாமல் மூன்றாம் விரல் ஐந்தாம் விரலுக்கு மேலால் கடக்கிறது. ஷோப்பான் ஏறக்குறைய ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் எண் போட்டது சும்மா இல்லை. இந்த அசைவு ஹானனில் எங்கே இருக்கிறது? சாதாரண குரோமற்றிக் ஸ்கேலிலும் இல்லை.

நான் செய்வது இருபத்தைந்து நிமிடம்தான். பத்து நிமிடம் அன்றைக்கு ஒரு கீ (சுருதி): மேஜர் ஸ்கேல், இரண்டு மைனர் ஸ்கேல், ஆர்பெஜியோ (கோர்ட்டைப் பிரித்து ஒவ்வொரு சுரமாக வாசிப்பது), டொமினன்ற் செவன்த் கோர்ட். 12 நாளில் ஒரு சுற்று வந்துவிடும். மிச்சம் முழுக்க எட்யூட்டிலிருந்தே. கோர்ட்டை விட்டுவிட்டு 3-4-5ஐ மட்டும், தாளக் கருவியான மெற்றோனோமில் நிமிடத்துக்கு 60 அடி, அடிக்கு நாலு சுரம். கை தளர்வாக இருந்தால் மட்டும் இரண்டு பார் (தாள வட்டம்) கோர்ட்டோடு. ஷோப்பான் போட்ட வேகம் 144, அது ஓடிப்போகாது.

கொக்குவில் மாஸ்ரர்:
எட்யூட்டில் இருப்பதை மட்டும் செய்தால் இடது கை பட்டினி கிடக்கும், தம்பி. அதில் இடது கைக்கு என்ன வேலை இருக்கிறது? இசையமைப்பாளர் பிராம்ஸே 51 பயிற்சிகளை 1893இல் வெளியிட்டார். அவருக்கு பீஸ் எழுதத் தெரியாமலா?

சுன்னாகம் ரீச்சர்:
இரண்டு பேரும் விரலையே கதைக்கிறீர்கள். அந்தப் பிள்ளை பகல் முழுக்க என்ன வேலை செய்துவிட்டு வருகிறா என்று யாராவது கேட்டீர்களா? ஹானன் விரலை உயரத் தூக்கச் சொல்கிறார். இறுகிப்போன கையோடு அதை நாற்பது நிமிடம் செய்தால் முன்கை எரியும். 3-4-5 வேலையும் அப்படித்தான், ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் கையை இறக்குங்கள். இசையமைப்பாளர் ஷூமான் வலது கை கெட்டு மேடைக் கனவையே விட்டவர். ஷோப்பான் நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பயிற்சியே வேண்டாம் என்றவர்.

இன்னொன்று, சனிக்கிழமை அப்ரைட்டில் வேகத்தைச் சோதிக்க வேண்டாம். ஒரே சுரத்தைத் திரும்ப அடிக்க அதில் கட்டை கிட்டத்தட்ட முழுதாக மேலே வரவேண்டும். கிடையான கிராண்ட் பியானோவில், பியானோ செய்த எரார் 1821இல் கொண்டுவந்த பொறிமுறையால் பாதி வழியிலேயே திரும்ப அடிக்கலாம். அத்தோடு கார்த்திகை மழையில் எங்கள் ஊர் அப்ரைட்டுகளின் கட்டைகள் ஊதி ஒட்டிக்கொள்ளும். அதைத் தன் விரலின் பிழை என்று நினைத்து அழுத்தி அடிக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அங்கே மெதுவாக வாசித்து, மேல் சுரத்தையும் கோர்ட்டையும் வெவ்வேறு கனத்தில் கேட்டுப் பழகுங்கள். மலிவான டிஜிற்றலில் அந்த வேறுபாடு சரியாகக் கேட்காது.

பருத்தித்துறைக்காரி:
வங்கியில் வேலை, ரீச்சர். பகல் முழுக்கத் தட்டச்சுத்தான். அப்போ வேலை நாளில் இருபத்தைந்து நிமிடம் என்று வைக்கிறேன். ஆனால் இடது கையைப் பற்றி மாஸ்ரர் சொன்னது நியாயமாகத்தான் படுகிறது.

கறுப்புக்கட்டை:
அதே 3-4-5ஐ இடது கையில் எதிர்த்திசையில் வாசியுங்கள். பியானோக் கலைஞர் கோடோவ்ஸ்கி இந்த எட்யூட்டை இடது கைக்கே மாற்றி எழுதி வைத்திருக்கிறார்.

கொக்குவில் மாஸ்ரர்:
கோடோவ்ஸ்கியா! பிள்ளைக்கு டிப்ளோமா வேணுமா, கட்டுப்போட்ட கை வேணுமா? சரி, ஹானனை வேறு கீயில் மாற்றி வாசித்தால் உமக்குச் சம்மதமோ?

கறுப்புக்கட்டை:
பி மேஜரில் என்றால் சம்மதம். ஐந்து நிமிடம்.

கொக்குவில் மாஸ்ரர்:
பத்து.