பணம் போய்ச் சேர்ந்த வங்கியையும் கேளுங்கள்

அத்தை: என் தோழிக்கு வங்கியிலிருந்து பதில் வந்துவிட்டது. "பரிவர்த்தனையைத் தாங்களே அங்கீகரித்துள்ளதால் வங்கி பொறுப்பேற்க இயலாது." அவ்வளவுதான். ஓய்வுபெற்றபோது வந்த பணம் முழுவதும் போய்விட்டது.

அப்பா: அடப்பாவமே. என்னதான் நடந்தது? முழுசாகச் சொல்லு.

அத்தை: போனில் வங்கியின் பெயரே வந்ததாம் அண்ணா. பேசியவன் அவளுடைய கடைசி சில செலவுகளைத் தொகையோடு சொல்லியிருக்கிறான். உங்கள் கணக்கில் யாரோ புகுந்துவிட்டார்கள், பணத்தை உடனே பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள், கிளையில் இருப்பவர்களே உடந்தை, யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்றானாம். போனை வைக்கவே விடவில்லை. புதுக் கணக்கு ஒன்றைச் சேர்க்கச் சொல்லி, பிரித்துப் பிரித்து அனுப்ப வைத்துவிட்டான்.

பெரியப்பா: கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வாடிக்கையாளர் சொன்னபடி பணத்தை அனுப்புவதுதான் வங்கியின் முதல் கடமை. பிரிட்டனில் இப்படி ஏமாந்த ஒரு பெண்மணி ஏழு லட்சம் பவுண்டை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வங்கி மேல் வழக்குப் போட்டார். வாடிக்கையாளரே தெளிவாக உத்தரவு கொடுத்தபிறகு, அது சரியான முடிவா என்று ஆராய்வது வங்கியின் வேலை இல்லை என்று 2023 ஜூலையில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அக்கா: அதே தீர்ப்பில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது பெரியப்பா. நஷ்டத்தை யார் சுமப்பது என்பதை அரசும் நாடாளுமன்றமும் ஒழுங்குமுறை அமைப்புகளும்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். மோசடி தெரிந்த பிறகு பணத்தைத் திரும்ப வாங்க வங்கி முயன்றதா என்ற கேள்வியையும் தள்ளுபடி செய்யவில்லை.

அக்கா: அங்கே விதியும் வந்துவிட்டது. 2024 அக்டோபர் 7 முதல், உள்நாட்டுப் பரிமாற்றத்தில் இப்படி ஏமாந்தவருக்கு 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அதில் பாதியை அனுப்பிய வங்கி தர வேண்டும், மீதிப் பாதியைப் பணத்தை வாங்கிய வங்கி தர வேண்டும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது பாதிதான்.

மாமா: எல்லாவற்றையும் வங்கி தந்துவிடும் என்றால் ஜனங்கள் கவனமாக இருப்பார்களா? கடைசியில் அந்தச் செலவும் கட்டணமாக நம் தலையில்தான் விழும்.

அக்கா: அப்பட்டமான அலட்சியம் என்று வங்கி நிரூபித்தால் அங்கேயும் தர வேண்டியதில்லை மாமா. 100 பவுண்டு வரை வாடிக்கையாளர் பங்காகப் பிடித்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் எப்படியும் திரும்பி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு யார் வாழ்நாள் சேமிப்பை அனுப்புவார்கள்? பயத்தில்தான் அனுப்புகிறார்கள்.

மாமா: சரி, வங்கியின் பெயரைப் போனில் காட்ட விட்ட தொலைபேசி நிறுவனம்? அவர்களை ஏன் யாரும் கேட்பதில்லை?

அக்கா: சிங்கப்பூரில் கேட்கிறார்கள். 2024 டிசம்பர் முதல் போலி இணையதள மோசடிகளில் வங்கி தன் கடமையில் தவறியிருந்தால் வங்கி, இல்லையென்றால் அடுத்து தொலைபேசி நிறுவனம் என்று வரிசை வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் கடமையைச் செய்திருந்தால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு. ஆனால் தன் கையாலேயே அனுப்பியவர்கள் அந்த ஏற்பாட்டில் வரமாட்டார்கள்.

பெரியப்பா: தானே அனுப்பியதா இல்லையா என்ற அந்தக் கோட்டை இந்தியாவிலும் போட்டார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை வாடிக்கையாளரின் தவறை நிரூபிக்கும் பொறுப்பை வங்கியிடம்தான் வைத்தது. ஆனால் அது அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனைக்கு.

அக்கா: அந்தக் கோட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கடவுச்சொல்லைத் திருடினால் அனுமதி இல்லாதது, ஆளையே மிரட்டி அழுத்த வைத்தால் அனுமதி உள்ளதா? திருடன் ஒருவன்தானே!

அக்கா: அத்தை, பணம் போன கணக்கைப் பற்றி போலீஸ் ஏதாவது சொன்னார்களா?

அத்தை: சொன்னார்கள். யாரோ ஒரு மாணவன் பெயரில் புதிதாகத் திறந்த கணக்காம். கமிஷனுக்கு ஆசைப்பட்டு கார்டையும் சிம்மையும் வேறொருவனிடம் கொடுத்துவிட்டானாம். பணம் வந்த கையோடு பல கணக்குகளுக்குப் பிரிந்து போய்விட்டது.

பெரியப்பா: இது வேறு கதை. வருமானமே இல்லாத மாணவனின் கணக்கில் திடீரென்று இவ்வளவு பணம் விழுந்து, விழுந்த வேகத்திலேயே வெளியே போகிறது. அதைக் கவனிக்கத்தானே கண்காணிப்பு மென்பொருள் வைத்திருக்கிறார்கள்? அந்த வங்கி அதை நிறுத்தியிருக்க வேண்டும். இதில் நான் உன் பக்கம்தான்.

அக்கா: நான் சொல்வதும் அதுதான் பெரியப்பா. அந்தக் கணக்கை உள்ளிருந்து பார்க்க முடிந்தது அந்த வங்கியால் மட்டும்தான். அந்த அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் ஒரு எண். பார்க்க முடிந்தவர் ஒரு காசும் தராமல், பார்க்க முடியாதவர் முழுதும் இழப்பது எந்த ஊர் நியாயம்?

அப்பா: இப்போது என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்கள்.

அக்கா: அவங்க வங்கிக்கு மட்டும் எழுதினால் போதாது. வாங்கிய வங்கிக்கும் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை எப்போது திறந்தீர்கள், என்ன சரிபார்த்தீர்கள், எச்சரிக்கை எழுந்ததா, எழுந்தபின் என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் இரண்டு வங்கிகள் மேலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

பெரியப்பா: இன்னொன்றையும் சேர்த்துக்கொள். அவர் புகார் சொன்ன நேரம் என்ன, அவருடைய வங்கி அடுத்த வங்கிக்குத் தகவல் அனுப்பிய நேரம் என்ன? இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். நடுவில் மணிக்கணக்கில் சும்மா இருந்திருந்தால் அது வங்கியின் தவறு, வேறு பேச்சே இல்லை. கடிதத்தை அனுப்பும் முன் எனக்குக் காட்டுங்கள், வாசகத்தை நான் பார்க்கிறேன்.

அத்தை: சரி அண்ணா. அவள் வங்கிக்குக் கூப்பிட்ட நேரம் போனிலேயே இருக்கும். அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.