துணிப்பையின் அடி தொங்காமல், தட்டையாக நிற்க என்ன வழி?

முத்தையன்கட்டுப் பிள்ளை:
வணக்கம். வீட்டிலிருந்தபடியே துணிப்பை தைத்து ஒட்டுசுட்டான் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். 2025 நவம்பரிலிருந்து கடைகளில் சொப்பிங் பைக்குக் காசு எடுக்கிறார்கள், அதனால் துணிப்பைக்குக் கேள்வி கூடியிருக்கிறது. என் பிரச்சினை அடிப்பக்கம்தான். இரண்டு தேங்காயும் ஒரு கிலோ சீனியும் போட்டாலே நடு தொங்கி வயிறு வைத்துவிடுகிறது. நிலத்தில் வைத்தால் சரிந்து விழுகிறது. கடைக்காரர் அடியில் காட்போட் வைக்கச் சொல்கிறார். மாரியில் நனைந்தால் அது என்னாவது? வாங்குகிறவர்கள் பையைத் துவைக்கவும் வேண்டுமே. ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் நிமிர்ந்து நிற்கும் பை ஒன்று தைக்க ஆசை. வீட்டில் இருப்பது அம்மாவின் கறுப்புச் சிங்கர் கால் மெசின். யாராவது அளவோடு சொன்னால் பெரிய உதவி.

தருமபுரம் தையலக்கா:
தங்கச்சி, காட்போட் வேண்டவே வேண்டாம். அடி தட்டையாவது மூலைத் தையலால். நடு தொங்காமல் நிற்பது கைபிடி நாடாவால். இந்த இரண்டும் சரியாக வந்த பிறகுதான் உள்ளே வைக்கிற தகட்டுக்கு வேலை. பலர் தகட்டிலிருந்து தொடங்குகிறார்கள், அதனால்தான் தகடும் வளைகிறது.

14 அங்குல அகலம், 13 உயரம், 6 அங்குல அடி. ஸ்கூட்டிக்கு இந்த அளவு வடிவாக இருக்கும். முன்பக்கம், அடி, பின்பக்கம் மூன்றும் ஒரே துண்டாக வரட்டும். நடுவில் மூட்டு இருந்தால் பாரம் முழுக்க அந்தத் தையலில்தான் விழும். துண்டு 21 அங்குல அகலம், 35 நீளம். பக்கத் தையலுக்கு அரை அங்குலமும் வாய் மடிப்புக்கு ஒன்றரை அங்குலமும் இதற்குள்ளேயே இருக்கிறது. கன்வஸ் என்றாலும் டெனிம் என்றாலும் முதலில் நனைத்துக் காயவிட்டு வெட்டுங்கள். பருத்தி சுருங்கும். விற்ற பிறகு சுருங்கினால் பையும் கோணும், பேரும் கெடும்.

பக்கங்களை மூட்டுவதற்கு முன்பே நாடாவைத் தைத்துவிட வேண்டும். பள்ளிக்கூடப் பைக்குப் போடும் நாடா, ஒன்றேகால் அங்குலம். அதை வாயோடு நிறுத்தாதீர்கள். முன்பக்கம் ஏறி, கைபிடியாக வளைந்து, இறங்கி, அடியைச் சுற்றி, பின்பக்கம் ஏறி, மறுபடி இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வரட்டும். கைபிடி ஒன்றுக்கு 22 அங்குலம் விட்டால் மொத்தம் மூன்று யார் (108 அங்குலம்) நாடாவும் மூட்டுக்குக் கொஞ்சமும் போகும். மூட்டை அடியின் நடுவில் வையுங்கள். இப்போது தேங்காயின் பாரத்தைத் துணி தாங்குவதில்லை, நாடா தாங்குகிறது. வாயிலிருந்து மூன்று அங்குலம் கீழே தையலை நிறுத்தி, வாயை மடித்துத் தைத்த பிறகு மிச்சத்தைப் பெட்டியும் நடுவில் பெருக்கல் குறியுமாக அடித்துவிடுங்கள்.

அடுத்தது மூலை. பக்கங்களை மூட்டிய பிறகு, உட்புறம் வெளியாக இருக்கும்போதே ஒரு மூலையைப் பிடித்து, பக்கத் தையல் அடித்துணியின் நடுவில் விழும்படி தட்டையாக்குங்கள். ஒரு முக்கோணம் வரும். அதன் நுனியிலிருந்து பக்கத் தையல் வழியே 3 அங்குலம் அளந்து குறுக்கே கோடு போடுங்கள். கோட்டின் நீளம் சரியாக 6 அங்குலம் வர வேண்டும். வராவிட்டால் துணி கோணலாக மடிந்திருக்கிறது என்று அர்த்தம், திரும்பப் பிடியுங்கள். இரண்டு மூலையும் ஒரே அளவாக இருந்தால்தான் பை நேராக நிற்கும். இரட்டைத் தையல் போடுங்கள். முக்கோணத்தை வெட்டி எறிய வேண்டாம், அடிப்பக்கம் மடித்து நுனியை அடியோடு தைத்தால் அதுவே இரண்டாவது துணியாகிவிடும்.

இனி பையைப் புரட்டி மேசையில் வையுங்கள். அடியின் நான்கு விளிம்பையும் விரலால் கிள்ளி மடித்து, மூலையிலிருந்து மூலைக்கு, மடிப்பிலிருந்து காலங்குலத்தில் பாதி விட்டு மெசினில் ஓடவிடுங்கள். நாடா குறுக்கிடும் இடத்தில் கைச்சக்கரத்தால் மெதுவாகக் கொண்டுபோங்கள். அந்த ஒரு தையலில்தான் பை பெட்டியாகிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இது. அதுவரை குழைந்து கிடந்த துணி தானாக எழுந்து நிற்கும்.

தகட்டுக்கு, விளம்பரப் பலகைகளுக்குப் போடும், உள்ளே குழாய் குழாயாக ஓடும் பிளாஸ்டிக்கை எடுங்கள். குழாய்கள் பையின் நீளப்பக்கமாக ஓடும்படி வெட்டுங்கள். குறுக்கே ஓடினால் அந்தக் கோட்டிலேயே மடிந்துவிடும். 13½ அங்குலத்துக்கு 5½. மூலைகளை இரண்டு ரூபாய்க் குத்தியை வைத்து வட்டமாக வெட்டுங்கள், கூராக விட்டால் துணியைத் தின்றுவிடும். பழைய சாரத்துணியில் உறை தைத்து அதற்குள் போட்டால் துவைக்கும்போது உருவி எடுக்கலாம்.

பூநகரியான்:
தகடு கிடைக்காத இடத்தில் பனைச் சார்வோலையில் இழைத்த தடித்த பாய்த்துண்டை இரட்டையாக மடித்து அதே உறைக்குள் வைக்கலாம். எங்கள் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை, இழைக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. நனைந்தால் எடுத்து வெயிலில் போட வேண்டும், விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கழுவிய யூரியாப் பையைச் சிலர் உட்துணியாக வைக்கிறார்கள். அது தண்ணீர் குடிக்காது. ஆனால் வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரியும், மெழுகுதிரியில் லேசாகக் காட்டி ஒட்டவிட வேண்டும்.

முத்தையன்கட்டுப் பிள்ளை:
அக்கா, அண்ணை, இரண்டு பேருக்கும் நன்றி. நாடா ஏறும் இடத்தில் எங்கள் மெசின் தையலை விட்டுவிட்டு ஓடுகிறது. மெசின் பழசு என்பதாலா?

தருமபுரம் தையலக்கா:
மெசினைக் குறை சொல்லாதீர்கள், அந்தக் கறுப்புச் சிங்கர் தடித்த துணிக்கு நல்லது. ஊசியை மாற்றுங்கள். டெனிமுக்கு 16, நாடாவும் கன்வஸும் சேரும் இடத்துக்கு 18. நூல் பொலியெஸ்டர். தையலை நீளமாக்குங்கள், அங்குலத்துக்கு எட்டுப் போதும். மேடு ஏறுகிற இடத்தில், துணியை அமத்துகிற காலின் பின்பக்கம் சரிந்து தையல் விடும். அதே உயரத்துக்கு மடித்த துணித்துண்டு ஒன்றைக் காலின் பின்னால் கொடுத்தால் கால் மட்டமாக நிற்கும். அந்த இடத்தில் மிதிக்க வேண்டாம், கைச்சக்கரத்தைச் சுற்றுங்கள்.

யூரியாப் பை வைத்தால் மேலே அயன் பண்ண வேண்டாம். பருத்திச் சூட்டில் உருகிவிடும்.

45 அங்குல அகலத் துணி கிடைத்தால் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு பை வெட்டலாம். சுருங்குவதையும் சேர்த்து ஒன்றேகால் யார் வாங்குங்கள். விலை சொல்லும்போது நாடாவையும் கணக்கில் எடுங்கள், துணியைவிட அதற்குத்தான் கை கடிக்கும்.