போர் தண்ணி கறை போகவே மாட்டேங்குது

கேள்வி: அண்ணா, நமக்கு சேலம் அஸ்தம்பட்டி பக்கம் வீடு, போர் தண்ணில காரை கழுவி வெயில்லயே காய விட்டுட்டேன், இப்ப கருப்பு பானட் பூரா வெள்ளை வெள்ளையா வட்டம், கண்ணாடிலயும் அப்படியே, ஷாம்பு போட்டும் அசையல.

பதில்: கால்சியம், மெக்னீசியம் படிஞ்சது தம்பி, ஷாம்புக்கெல்லாம் கரையாது. வெள்ளை வினிகர் பாதி தண்ணி பாதி, நிழல்ல, பானட் ஆறுனப்புறம் துணில நனைச்சு கறை மேல ஒரு நிமிஷம் வச்சு உடனே கழுவிடுங்க. பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீங்க, நான் அதைப் போட்டு கார் குரோம் பட்டை கருத்துப்போச்சு.

இன்னொருத்தர்: வினிகர் வாக்ஸையும் எடுத்துரும், திரும்ப போடணும். நகத்துல தடவுனா குழி தட்டுதா? அப்ப பெயிண்ட்டையே அரிச்சிருச்சு, பாலிஷ்தான். கண்ணாடிக்கு சீரியம் ஆக்சைடு பாலிஷ்.

கேட்டவர்: கண்ணாடி பளிச்! பானட்ல நாலு வட்டம் மட்டும் நிக்குது, ஏற்காடு போய்ட்டு வந்து பாலிஷ் போட்டுக்கறேன்.