கைப்பேசியில், டேப்லெட்டில் இசை செய்தவர்களே, உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

வண்டல்:

எந்தச் செயலி நல்லது என்று கேட்கத்தான் வந்தேன். ஆனால் மூன்று ஆண்டாக நெஞ்சில் கிடப்பதைச் சொல்லாமல் கேட்க முடியவில்லை.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, நடவுப் பாட்டு ஒன்று தெரியும். அதைப் பதிந்து, பின்னால் அடியில் மெல்லிய தாளம் சேர்க்கலாம் என்று ஓர் இசைச் செயலியைத் திறந்தேன். தாள ஒலியை அணைத்தேன், சிவப்புப் பொத்தானைத் தொட்டேன், கைப்பேசியைத் திண்ணையில் வைத்துவிட்டேன். நான்கு நிமிடத்துக்குக் குறையாமல் பாடினார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி அடியில் வலது கை நாற்றைப் பிடித்திருப்பதுபோல் குவிந்திருந்தது. முடித்துவிட்டு, "எல்லாம் விழுந்துச்சா?" என்று கேட்டார். விழுந்தது என்றேன்.

இரவு திறந்தால் 16 நொடி. வேகம் நிமிடத்துக்கு 120 தாள அடி, நீளம் 8 பார் (பார் என்பது நான்கு அடிச் சுற்று) என்று செயலியில் ஏற்கெனவே வைத்திருந்தார்கள். 32 தாள அடி ஓடியதும் பதிவு நின்றுவிட்டது. மறுபடி பாடச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பொங்கலுக்கு வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பொங்கலுக்கு அவர் இல்லை.

விழுந்தது என்று சொன்னேனே, அது இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் என்ன பயன்படுத்துகிறீர்கள், உங்களுக்கு என்ன நேர்ந்தது, சொல்லுங்கள்.


நாலு கட்டை:

படித்ததும் மனம் கனத்துவிட்டது. என்னுடையது அவ்வளவு பெரியதில்லை.

எங்கள் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் இரவு ஆராதனை. கீபோர்டு பழுது என்பதால் டேப்லெட்டில் பியானோ செயலி. வீட்டில் ஹெட்போன் கம்பியைச் செருகிப் பழகியபோது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஆராதனையில் கம்பி எட்டவில்லை என்று புளூடூத் ஒலிபெருக்கியோடு இணைத்தார்கள். முதல் பாட்டின் முதல் அடியிலேயே என் விரல் ஓரிடத்தில், ஒலி வேறிடத்தில். தபலா வாசிக்கும் பெரியவர் என் ஒலியைத் துரத்தி வேகத்தைக் குறைத்தார். பாடகர்கள் அவரைத் துரத்தினார்கள். மூன்றாவது சரணத்தில் அவர் தபலாவிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முப்பது ஆண்டாக அந்த ஆராதனையில் வாசிப்பவர். அந்த இரண்டு கைகளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புளூடூத்தில் ஒலி 200 மில்லி நொடி பிந்தி வருவது சாதாரணம். 120 வேகத்தில் ஓர் அடிக்கு 500 மில்லி நொடி. ஏறக்குறைய அரை அடி தள்ளி வாசித்திருக்கிறேன். பாட்டுக் கேட்க புளூடூத் போதும், வாசிக்க ஆகாது. ஆண்ட்ராய்டு வாங்குகிறவர்கள் இதை யோசித்து வாங்குங்கள்.


ஒலிக்கூடம்:

நாலு கட்டை, புளூடூத் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதில் ஆண்ட்ராய்டை இழுத்தது சரியில்லை. புளூடூத் ஐபேடிலும் பிந்தத்தான் செய்யும். பழைய ஆண்ட்ராய்டில் கம்பி போட்டாலே தாமதம் தெரியும் என்பது உண்மை. ஆனால் 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8இலிருந்து குறைந்த தாமதத்துக்கென்றே தனி வழி வைத்திருக்கிறார்கள். கருவிக்குக் கருவி வேறுபடும், ஆகவே வாங்கும் முன் கடையிலேயே ஒரு பியானோ செயலியைத் தட்டிப் பாருங்கள்.

என் அனுபவம் இரண்டு வரிதான். கோயில் நாகசுரத்தைப் பதிந்துகொண்டிருந்தபோது அழைப்பு வந்தது, ஆலாபனை நடுவில் அறுந்தது. அன்றிலிருந்து விமானப் பயன்முறையில் போடாமல் எதையும் பதிவதில்லை.

வண்டல், உங்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். மூத்தவர்கள் பாட்டை இசைச் செயலியில் பதியவே கூடாது. கைப்பேசியோடு வரும் சாதாரண ஒலிப்பதிவியில் பதியுங்கள். அதற்கு பாரும் தெரியாது, வேகமும் தெரியாது, நிறுத்தும்வரை ஓடும். பிறகு அந்தக் கோப்பை இசைச் செயலிக்குள் கொண்டுவந்தால் போதும். இசைச் செயலியிலேயே பதிவதாக இருந்தால், புதுப் பாட்டைத் திறந்தவுடன் பகுதியின் நீளத்தைத் தானாக நீளும்படி மாற்றுங்கள். பதியும்போது அலை நகர்கிறதா என்று திரையையும் ஒரு கண்ணால் பாருங்கள். முதலில் பத்து நொடி சோதனையாகப் பதிந்து, ஹெட்போனில் கேட்டு, பிறகு பாடச் சொல்லுங்கள். சுருக்காத கோப்பாகச் சேமியுங்கள். நொடிக்கு 48,000 மாதிரி, மாதிரிக்கு 24 பிட், ஒற்றைத் தடம் என்றால் நிமிடத்துக்கு 9 எம்பிகூட வராது, இடம் இல்லை என்று சொல்ல முடியாது. மின்விசிறியை நிறுத்துங்கள். வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், ஒரு முழத் தொலைவில் வையுங்கள். முடிந்ததும் அங்கேயே இன்னொரு கருவிக்கு நகல் அனுப்பிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.


ஐந்தரை:

வீணை கற்கிறேன். ஐபேடில் ஜியோஷ்ரெட் என்ற இசைச் செயலி வைத்திருக்கிறேன். மகேஷ் ராகவன் அதில் கர்நாடக இசை வாசிப்பதைப் பார்த்து வாங்கியது. பியானோக் கட்டை கிடையாது. கண்ணாடியில் விரலைத் தேய்த்தால் சுரம் தொடர்ந்து வழுக்கிப் போகும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஒரு நாள் வகுப்புக்கு எடுத்துப் போனேன். என் ஆசிரியைக்கு எழுபது வயதுக்கு மேல். வாங்கி மடியில் வைத்து, தோடி ராகத்தில் காந்தாரச் சுரத்தை வாசிக்கப் பார்த்தார். பழக்கத்தில், நரம்பை இழுப்பதுபோல் விரலைத் தன் பக்கம் இழுத்தார். அவர் நினைத்த சுரம் வரவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தார். கண்ணாடிக்கு அந்த அழுத்தம் தெரியவில்லை. நான் பக்கவாட்டில் தேய்த்துக் காட்டினேன். இரண்டு முறை செய்து பார்த்தார், மூன்றாவது முறை அந்தக் காந்தாரம் அப்படியே அசைந்து வந்தது. உடனே கையை எடுத்துவிட்டு விரல் நுனியைப் பார்த்துக்கொண்டார். ஐம்பது ஆண்டுக் காய்ப்பு அந்த நுனியில் இருக்கிறது. "விரலுக்கு ஒண்ணுமே ஆகலையே" என்றார். பாராட்டா, வருத்தமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சாதாரணப் பியானோ செயலியில் சுருதி சேர்த்துப் பாடிப் பழகுகிறவர்களுக்கு ஒன்று. அதில் வரும் அந்தர காந்தாரம் தம்பூராவோடு ஒட்டும் காந்தாரம் இல்லை. அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு இடையிலான அரைச்சுரத்தை 100 பங்காக்கினால் 14 பங்கு மேலே நிற்கும். பாடகர் காதுக்கு அது நிறைய. பாட்டுப் பழக தம்பூரா ஒலிக்கும் செயலியை மட்டும் வையுங்கள்.


தனியறை:

2020 மார்ச்சில் மூக் நிறுவனத்தின் மினிமூக் செயலியும் கோர்க் நிறுவனத்தின் கயோசிலேட்டரும் சில காலம் இலவசமாகக் கிடைத்தன. இரண்டும் மின்னணு ஒலியை உருவாக்கும் செயலிகள். விடுதியில் தனியாக அடைபட்டிருந்தேன். நள்ளிரவில் மினிமூக்கில் ஒரே ஒரு தாழ்ந்த சுரத்தை அழுத்திப் பிடித்து, வடிகட்டிக் குமிழை மிக மெதுவாகத் திறந்தேன். பக்கத்து அறையிலிருந்து சுவரில் மூன்று தட்டு. சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று நிறுத்தினேன். மறுபடி மூன்று தட்டு, அதே வேகத்தில். அவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். விடுதி திறப்பதற்குள் அவர் காலி செய்துபோனார், முகம் பார்க்கவே இல்லை.


மூன்றாவது தறி:

எல்லாரும் ஐபேடைச் சொல்கிறீர்கள். எட்டாயிரம் ரூபாய்க் கைப்பேசி வைத்திருப்பவனும் இதைப் படிக்கிறான். பேண்ட்லேப் செயலி காசில்லாமல் கிடைக்கிறது, பல தடம் போடலாம். கோலா சாம்ப்ளர் சிறிய செலவு, எந்த ஒலியையும் மைக்கில் பிடித்துக் கட்டத்தில் வைத்துத் தட்டலாம், மொத்தம் 64 ஒலி. அமெரிக்கப் பாடகர் ஸ்டீவ் லேசி ஐஃபோனில் கிட்டாரைச் செருகித்தான் பெயர் வாங்கினார். ஒலிக்கூடம் அண்ணா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் ஒருவர் பாட்டியை இழந்ததைச் சொல்லும் இடத்தில் இப்படி வகுப்பு எடுத்திருக்க வேண்டாம்.

எங்கள் வீடு பள்ளிபாளையம். அப்பா விசைத்தறியில் நாற்பது ஆண்டு நின்றவர், காது ஏறக்குறைய போய்விட்டது. தறிகளை எடைக்குப் போடுவதற்கு முந்தைய வாரம் ஒவ்வொன்றின் சத்தத்தையும் கோலாவில் பிடித்தேன். ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா அடித்துத் திரும்பும் ஒலி, அந்த நூலை நெருக்கும் பண்ணை இடிக்கும் ஒலி எல்லாம் தனித்தனிக் கட்டத்தில். அதில் ஒரு தாளம் கட்டி, பெரிய ஒலிபெருக்கியில் போட்டேன். அப்பாவுக்குக் கேட்கவில்லை. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். சற்று நேரம் கழித்து மூன்று விரலைக் காட்டினார். மூன்றாவது தறி. அதன் அடி எப்போதும் கொஞ்சம் நொண்டும், நான் தாளத்துக்குச் சரிசெய்யாமல் அப்படியே விட்டிருந்தேன்.

செயலியில் இப்படி விலகிய அடிகளை நேராக்க ஒரு வசதி இருக்கும். தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்தாதீர்கள்.


ஒலிக்கூடம்:

தம்பி சொன்னது உறைத்தது. வண்டல், மன்னித்துக்கொள்ளுங்கள்.


வண்டல்:

மன்னிப்பெல்லாம் எதற்கு அண்ணா. நீங்கள் எழுதியதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நேற்று ஊருக்குப் போனேன்.

அப்பாயியோடு நடவுக்குப் போன சின்ன அத்தை திருமக்கோட்டையில் இருக்கிறார். அந்த 16 நொடியைப் போட்டுக் காட்டினேன். நின்ற இடத்திலிருந்து அவரே எடுத்துப் பாடத் தொடங்கினார். நான் இன்னும் பொத்தானைத் தொட்டிருக்கவில்லை. தடுக்க மனம் வரவில்லை, பாடி முடிக்கவிட்டேன். பிறகு விமானப் பயன்முறை போட்டு, மின்விசிறியை நிறுத்தி, இன்னொரு முறை கேட்டேன். ஆறு நிமிடம் பத்து நொடி. திரையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது அடியில் அத்தை பாடும் சொல் வேறு. அப்பாயி அதைத் தவறாகவே பாடுவாராம், வயலில் எல்லாரும் திருத்துவார்களாம், கேட்கவே மாட்டாராம். அந்த அடி என் 16 நொடிக்குள் இருக்கிறது.