ஆயிரம் ரேஸ் ஜெயித்தவர் கப் தொடரில் ஒன்றுகூட ஜெயிக்காதது எப்படி?

போரூர் பையன்:
ரெண்டு வாரமாக ராத்திரி தூங்காமல் பழைய ஸ்டாக் கார் (ரோட்டில் ஓடும் கார் மாதிரியே தெரியும் ரேஸ் கார்) ரேஸ் வீடியோக்களைத்தான் பார்க்கிறேன், அம்மா வைஃபையைப் பிடுங்காததுதான் பாக்கி. அதில் டிக் டிரிக்கிள் என்று ஓர் அமெரிக்க டிரைவர், விஸ்கான்சின்காரர். ஷார்ட் டிராக்கில் ஆயிரத்துக்கும் மேல் ஜெயித்தார் என்கிறார்கள், 1972இல் மட்டும் 67 வெற்றி. ஆனால் அமெரிக்க ஸ்டாக் கார் ரேஸின் உச்சமான நாஸ்கார் கப் தொடரில் 300 ரேஸுக்கு மேல் ஓட்டியும் முதலிடம் ஒரு தடவைகூட இல்லை. ஊரில் எதிராளிகள் சப்பையா, இல்லை இவர் பெரிய இடத்தில் சொதப்பினாரா?

பழைய மார்ஷல்:
தம்பி, அந்த 'சப்பை'யை முதலில் வாபஸ் வாங்குங்கள். ஒரு மைலுக்குக் குறைவான சுற்றுதான் ஷார்ட் டிராக். நாஸ்கார் நடக்கும் மார்ட்டின்ஸ்வில் டிராக் சுமார் 850 மீட்டர்தான், நம்ம சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் 3.7 கிலோமீட்டர், இங்கே ஒரு சுற்று போகும் தூரத்தில் அங்கே நாலு சுற்றுக்கு மேல் வந்துவிடும். மூச்சு விட நேரமில்லை, எப்போதும் யாராவது பின்னால் முட்டிக்கொண்டே இருப்பார்கள். டிரிக்கிள் 1941இல் பிறந்தவர், கப் தொடரில் முதன்முதலாகக் கிட்டத்தட்ட முழு சீசன் ஓட்டியது 1989இல்தான். அந்த வருஷம் சிறந்த புதுமுகம் விருது அவருக்கு! பேரன் எடுக்கிற வயதில் புதுமுகம். அதுவரை ஊர் ஊராகப் போய் பரிசுப் பணத்தில் குடும்பம் நடத்தியவர், அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கிரீஸ் கை:
மார்ஷல் சார் சொன்னது சரி, ஆனால் கார் விஷயத்தை விட்டுவிட்டார். டீக்கடை பேப்பர் கப்பைப் படுக்க வைத்து உருட்டிப் பாருங்கள், நேராகப் போகாது, அடிப்பக்கம் சின்னது என்பதால் அந்தப் பக்கமாகவே வளையும். முட்டை வடிவ ஓவல் டிராக்கில் இடது பக்கம் மட்டுமே திரும்புவதால் வலது டயரைச் சுற்றளவில் கொஞ்சம் பெரிதாகப் போடுவார்கள், அதற்கு ஸ்டாகர் என்று பெயர். எவ்வளவு வித்தியாசம் வைப்பது, எடையை இடது பக்கம் எவ்வளவு தள்ளுவது, இதெல்லாம் உள்ளூர் ரேஸில் பெரும்பாலும் ஓட்டுகிறவன் கையாலேயே முடிவாகும். அங்கே டிரிக்கிள் ராஜா. கப் தொடரில் நல்ல எஞ்சினும் பணமும் உள்ள டீம் கையில் இல்லையென்றால் எவ்வளவு கெட்டிக்காரனும் பத்தாவது இடத்துக்கே முக்க வேண்டும்.

கோவை எக்ஸ்பிரஸ்:
எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். எங்க ஊர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டியவர், 2010இல் பிக்கப் டிரக்குகள் ஓடும் நாஸ்கார் டிரக் தொடருக்குப் போனார், முதல் ரேஸே மார்ட்டின்ஸ்வில், வந்தது 13ஆவது இடம். அவ்வளவு அனுபவம் இருந்தும்! அந்த வருஷம் ரசிகர் ஓட்டில் பிரபலமான டிரைவர் விருதையும் வாங்கிவிட்டார், நாம ஓட்டுப் போடுவதில் என்றைக்கு சோம்பேறிகளாக இருந்தோம்?

போரூர் பையன்:
சப்பை வாபஸ். காருக்குள்ளேயே சிகரெட் லைட்டர் வைத்து, விபத்து மாதிரி ஏதாவது நடந்து மஞ்சள் கொடி விழுந்து எல்லோரும் மெதுவாகப் போகும்போது பற்றவைப்பாராம், அதைப் படித்ததிலிருந்து இன்னும் பிடித்துப்போனது. அப்புறம் கிரீஸ் கை அண்ணே, கப்பை உருட்டினேன், நீங்க சொன்ன மாதிரியே வளைந்து போகிறது. உள்ளே கொஞ்சம் டீ மிச்சமிருந்ததை நான் கவனிக்கவில்லை, லேப்டாப் இப்போது வெயிலில் காய்கிறது.